டெல்லிக்குப் படிக்க வருகிறீர்களா? கல்லூரியையும் அறையையும் சேர்த்தே தேடுங்கள்

ஜூலை, ஆகஸ்ட் வந்துவிட்டால் தெற்கு டெல்லி முனீர்க்காவில் என் வீட்டு அழைப்பு மணி அடிக்கடி ஒலிக்கும். திருகோணமலையிலிருந்து ஒரு பெண், கிள்ளானிலிருந்து ஒரு பையன் என்று யாரோ ஒருவருடைய சித்தி கொடுத்த என் எண்ணை வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். விமான நிலையத்தில் பெட்டியில் ஒட்டிய சீட்டு இன்னும் அப்படியே இருக்கும். "அட்மிஷன் கிடைச்சிட்டுது அக்கா, அறை மட்டும்தான் இன்னும் இல்லை" என்பார்கள். அந்த "மட்டும்தான்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கவலை வந்துவிடும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு டெல்லிக்குப் படிக்க வருகிறவருக்குக் கல்லூரியும் அறையும் ஒரே முடிவு. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தால், வந்து சேர்ந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்கு இரண்டு தாள்கள் கட்டாயம் தேவைப்படும். ஒன்று, நீங்கள் இங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழ். மற்றொன்று, நீங்கள் தங்கும் முகவரிக்கான சான்று. அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் முகவரிச் சான்று தராத அறை உங்களுக்கு அறையே அல்ல. இந்தக் கட்டுரை முழுக்க நான் அதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லப் போகிறேன்.

கல்லூரி எந்தப் பேட்டையில் இருக்கிறது?

டெல்லிப் பல்கலைக்கழகம் என்றதும் ஒரே வளாகத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். 1922இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்று சுமார் 90 கல்லூரிகள் நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இந்து கல்லூரி, செயின்ட் ஸ்டீஃபன்ஸ், மிராண்டா ஹவுஸ், ராம்ஜஸ், கிரோரிமல் போன்றவை வடக்கு வளாகத்தில், விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்தை ஒட்டி இருக்கின்றன. திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி தெற்கே தௌலா குவானில். மகாராஜா அக்ரசேன் கல்லூரி நொய்டா எல்லையருகே வசுந்தரா என்க்ளேவில். அதிதி மகாவித்யாலயா வடமேற்குக் கோடியில், பவானாவில். எல்லோருக்கும் பட்டச் சான்றிதழில் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர்தான். ஆனால் காலை எட்டரை மணி வகுப்புக்கு ஒருவர் நடந்து போவார், இன்னொருவர் ஆறரைக்கே பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்.

ஆகவே விருப்பப் பட்டியலை நிரப்பும்போது பாடத்துக்கும் தரவரிசைக்கும் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, மெட்ரோ நிலையம் எது, அங்கிருந்து நடக்கும் தூரமா என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பத்தியை நிரப்பிய பிறகு பட்டியலின் வரிசையை மாற்றிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மாற்றியது சரிதான் என்று இரண்டாம் ஆண்டில் சொன்னதையும் கேட்டிருக்கிறேன்.

வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களுக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தனியாக வெளிநாட்டு மாணவர் பதிவகம் இருக்கிறது. இந்திய மாணவர்களின் வரிசையில் போய் நிற்காதீர்கள், அந்தப் பதிவகத்தின் அறிவிப்பை மட்டும் பாருங்கள். கடைசித் தேதியும் வேறாக இருக்கும், இடங்களும் கூடுதல் இடங்களாகத் தனியே ஒதுக்கப்படும். 2022 முதல் இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டு ஆகிவிட்டது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம். உங்கள் விசாவும் உதவித்தொகையும் எத்தனை ஆண்டுக்கு என்பதை இதோடு பொருத்திப் பாருங்கள்.

ஜே.என்.யூ. எனப்படும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் வேறு மாதிரி. எல்லாம் ஒரே வளாகத்துக்குள், காடு போன்ற நிலத்தில். விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்கள்: கங்கா, சபர்மதி, காவேரி, பெரியார். (அந்தப் பெரியார் கேரளத்துப் பெரியாறு. நம் பிள்ளைகள் எல்லோரும் முதல் நாளில் பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் இதைக் கேட்பார்கள்.) மொழி, சமூகவியல், பன்னாட்டு உறவு படிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் இந்திய அரசின் தரவரிசையில் பல்கலைக்கழகங்களில் அது இரண்டாம் இடம். விடுதி கிடைத்துவிட்டால் செலவு மிகக் குறைவு. ஆனால் சேர்க்கை கிடைத்தாலே விடுதியும் கிடைத்ததாக எண்ணிவிடாதீர்கள், பல மாதம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஓக்லாவில் இருக்கிறது, அதன் பெயரிலேயே மெட்ரோ நிலையமும் உண்டு. இலங்கைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பு தெற்காசியப் பல்கலைக்கழகம். சார்க் நாடுகள் சேர்ந்து தொடங்கிய அது 2010இல் வகுப்புகளை ஆரம்பித்தது. இப்போது மைதான் கடியில் சொந்த வளாகத்தில் இயங்குகிறது, விடுதியும் உள்ளேயே இருக்கிறது. வகுப்பறையில் உங்களைப் போலவே எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் ஆசிரியர் பாதி வகுப்பில் இந்திக்கு மாறிவிடுவாரோ என்ற பயமும் அங்கே குறைவு. மற்ற இடங்களில் அந்தப் பயம் உண்மையானது. இந்தி தெரியாதவர்கள் முதல் வாரமே கையைத் தூக்கிச் சொல்லிவிடுங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், தெரியாததால்தான் மாறிவிடுகிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

உங்கள் ஊர்ப் படிப்பு இங்கே எதற்குச் சமம் என்று பாருங்கள். இலங்கையின் உயர்தரம், மலேசியாவின் எஸ்.டி.பி.எம். இரண்டையும் இங்கே பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகக் கொள்கிறார்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். மட்டும் வைத்துக்கொண்டு நேரே இளநிலைக்கு வர முடியாது. சில இடங்களில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் இணைச் சான்றிதழைக் கேட்பார்கள். அதை வாங்க நாளாகும், அதனால் ஊரிலிருந்தே தொடங்கிவிடுங்கள்.

அடுத்து, அந்தப் பல்கலைக்கழகம் உண்மையிலேயே பல்கலைக்கழகம்தானா? சிரிக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூ.ஜி.சி., போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டுவருகிறது. அதில் டெல்லி முகவரியுள்ளவை பல. பெயரில் 'சர்வதேச', 'தேசிய' என்ற சொற்கள் இருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். யூ.ஜி.சி. தளத்தில் பெயரைத் தேடுங்கள், பிறகு உங்கள் நாட்டில் அந்தப் பட்டம் செல்லுமா என்று உங்கள் நாட்டு உயர்கல்வி அமைப்பிடம் எழுதிக் கேளுங்கள். சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு என்றால் அந்தத் தொழிலின் பதிவு மன்றத்திடமும் கேட்க வேண்டும்.

உதவித்தொகையைப் பலர் தவறவிடுகிறார்கள். இலங்கை மாணவர்களுக்கென்றே நேரு நினைவு உதவித்தொகை, மௌலானா ஆசாத் உதவித்தொகை, ராஜீவ் காந்தி உதவித்தொகை என்று இந்திய அரசு தருகிறது. கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் அறிவிக்கும். மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் ஐ.சி.சி.ஆர். எனப்படும் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தின் தளத்தில் பாருங்கள். 2018இல் தொடங்கிய 'ஸ்டடி இன் இந்தியா' தளத்தில் பதிவு செய்து அடையாள எண்ணை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், விசா விண்ணப்பத்தில் தேவைப்படும். மாணவர் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. பகுதிநேர வேலை பார்த்து வாடகையைச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கை நம்பி வராதீர்கள்.

அந்தப் பதினோராவது நாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருகோணமலைப் பெண்ணுக்கு நானே அறை பார்த்துக் கொடுத்தேன். மூன்றாம் மாடி, ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். வீட்டுக்காரர் மரியாதையாகப் பேசினார், டீ கொடுத்தார். ஒரு மாத வாடகை, ஒரு மாத டெபாசிட், புரோக்கருக்கு அரை மாதம் என்று எல்லாம் அன்றே கொடுத்தாயிற்று. ஃபார்ம் சி பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்தான்.

வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அதை இணையத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிவைத்தான் எல்லோரும் ஃபார்ம் சி என்கிறார்கள். ஓட்டலும் விடுதியும் தாமாகவே செய்துவிடும். தனி வீட்டுக்காரர்களும் தங்கள் பெயரில் கணக்கு தொடங்கிச் செய்யலாம், ஆனால் பலருக்கு அது தெரியாது. தெரிந்த சிலருக்கு, வாடகை வாங்குவது அரசுக் கணக்கில் ஏறிவிடுமே என்ற தயக்கம்.

"வீட்டுக்காரர் பிறகு பாப்பம் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறார் அக்கா" என்று அவள் என்னைக் கூப்பிட்டபோது பதினோராம் நாள் ஆகியிருந்தது. நானும் அவளும் போய்க் கேட்டோம். "ஆதார் இருந்தால் சரி, பாஸ்போர்ட் வேலையெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். டெபாசிட்டையும் திருப்பித் தரவில்லை. அன்று இரவே அவளை என் வீட்டுக்கு மாற்றி, என் முகவரியில் பதிவு போட்டு, பதிமூன்றாம் நாள் விண்ணப்பத்தை ஏற்றினோம். வேப்பமரத்தைப் பார்த்து மயங்கியதற்கு அவள் கொடுத்த விலை ஒன்றரை மாத வாடகை.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. ஊரிலிருந்தே அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள், படத்தில் பார்த்த அறையும் நேரில் பார்க்கும் அறையும் வேறு. கல்லூரி விருந்தினர் இல்லத்திலோ ஒழுங்கான ஓட்டலிலோ முதல் ஐந்தாறு நாளுக்கு இடம் பிடித்துக்கொண்டு வாருங்கள். வந்த மறுநாளே கல்லூரிக்குப் போய் போனஃபைட் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள், அது கைக்கு வர மூன்று நான்கு நாளாவது ஆகும். அந்த இடைவெளியில் அறை தேடுங்கள். வீட்டு வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல. "ஃபார்ம் சி பர் தேங்கே?" என்று கேளுங்கள். 'ஃபார்ம் சி நிரப்பித் தருவீர்களா' என்று பொருள். முகம் மாறினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

அறை உறுதியானதும் வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், மின்கட்டண ரசீது நகல், ஃபார்ம் சி அச்சுப்படி எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். பதிவு விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான், கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும். டெல்லி அலுவலகம் ஆர்.கே.புரம் செக்டர் 1, ஈஸ்ட் பிளாக் 8இல் இருக்கிறது. பின்னால் வீடு மாறினால் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். விசா நீட்டிப்புக்கும் இதே உறைதான், ஆகவே பழைய தாள் எதையும் கிழித்துப் போடாதீர்கள்.

வங்கிக் கணக்கும் இதே முகவரியைத்தான் கேட்கும். கடவுச்சீட்டு, விசா, சேர்க்கைக் கடிதம் வைத்து வெளிநாட்டு மாணவருக்கு என்.ஆர்.ஓ. எனப்படும், இந்தியாவில் நிலையாக வசிக்காதவர்களுக்கான ரூபாய்க் கணக்கு திறக்கலாம் என்றும், உள்ளூர் முகவரிச் சான்றை 30 நாளுக்குள் கொடுத்தால் போதும் என்றும் ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். மரியாதையாக, விடாமல் சொல்லுங்கள்.

எந்தப் பேட்டை, எப்படிப்பட்ட அறை

வடக்கு வளாகப் பிள்ளைகளுக்குக் கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன், முகர்ஜி நகர். வெங்கடேஸ்வரா கல்லூரிக்கு எதிரிலேயே சத்ய நிகேதன். ஜே.என்.யூ., ஐ.ஐ.டி. என்றால் முனீர்க்கா, பேர் சராய், கட்வாரியா சராய், ஜியா சராய். ஜாமியாவுக்குப் பட்லா ஹவுஸ், ஜாகிர் நகர், கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்க முடிந்தால் சுக்தேவ் விஹார். பி.ஜி., அதாவது 'பேயிங் கெஸ்ட்' எனப்படும் தனியார் தங்குமிடத்தில் இருவர் பகிரும் அறைக்குச் சாப்பாட்டோடு மாதம் 12,000 முதல் 18,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். ஏசி, தனிக் குளியலறை என்றால் அதற்கும் மேலே போகும்.

முதல் ஆண்டுக்கு நான் பி.ஜி.யைத்தான் சொல்வேன், அதிலும் ஏற்கெனவே வெளிநாட்டு மாணவர்கள் தங்கியிருக்கும் பி.ஜி.யை. ஃபார்ம் சி அவர்களுக்குப் பழகிய வேலை. கூடவே டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே சர்வதேச மாணவர் இல்லங்கள் இருக்கின்றன, முதலில் அங்கே விண்ணப்பித்துவிடுங்கள். தனி ஃப்ளாட் எடுப்பதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குள் நம்பிக்கையான நான்கு பேர் கிடைத்திருப்பார்கள்.

அறை பார்க்கும்போது மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். மாலையில் எல்லா அறையும் நன்றாகத்தான் இருக்கும். மே, ஜூனில் இங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் கூரை இரவு பன்னிரண்டு வரை அனல் கக்கும், தொட்டித் தண்ணீர் குளிக்க முடியாத சூட்டில் வரும். குழாயைத் திறந்து கையை நீட்டிப் பாருங்கள். "பானி கித்னே பஜே ஆத்தா ஹை?", அதாவது தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து அறைப் பிள்ளையிடம் கேளுங்கள். கட்டிலை நகர்த்தி, அதன் பின்னால் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். சுண்ணாம்பு உப்பி, விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தால் அது ஈரம் ஏறிய சுவர். இங்கே அதைச் சீலன் என்பார்கள். புதுப் பெயின்ட் வாசம் அடிக்கும் அறையில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பிறகு படிக்கட்டு. எங்கள் முனீர்க்கா சந்துகளில் ஐந்து மாடிக்கும் ஒரே குறுகிய படிக்கட்டு, அதன் அடியில் வரிசையாக மின் மீட்டர்கள், பக்கத்திலேயே நான்கு பைக்குகள். 2023 ஜூனில் முகர்ஜி நகரில் ஒரு பயிற்சி மையக் கட்டடத்தில் தீப்பிடித்தபோது மாணவர்கள் ஜன்னல் வழியாக வயரைப் பிடித்து இறங்கினார்கள். 2024 ஜூலை 27 அன்று ஓல்ட் ராஜேந்தர் நகரில் அடித்தள நூலகத்துக்குள் மழைத் தண்ணீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அடித்தளத்து அறை வாடகை குறைவு என்று யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். ஜன்னலில் கம்பி இருந்தால் அதைத் திறக்க வழி இருக்கிறதா, மொட்டை மாடிக் கதவு பூட்டியே கிடக்கிறதா என்று பாருங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உங்கள் அம்மா பக்கத்தில் நின்றிருந்தால் கேட்டிருப்பார்.

மின்சாரத்துக்குப் பெரும்பாலும் சப் மீட்டர் வைத்திருப்பார்கள். "யூனிட் கா ரேட் க்யா ஹை?" என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்த வரையில் 8 முதல் 12 ரூபாய் வரை வாங்குகிறார்கள், ஏசி ஓடும் மாதத்தில் அந்த நான்கு ரூபாய் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். ஒப்பந்தம் 11 மாதத்துக்கே இருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் என்றால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது, பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது 'லாக்-இன்' என்ற சொல்லுக்கு. ஆறு மாத லாக்-இன் என்றால், இடையில் விடுதி கிடைத்தாலும் டெபாசிட் போய்விடும். விடுதிக்குக் காத்திருப்பவர்கள் 'ஒரு மாத நோட்டீஸ்' என்று எழுதச் சொல்லி அதன் பிறகே கையெழுத்திடுங்கள். பெண்கள் பி.ஜி. என்றால் கேட் பூட்டும் நேரத்தையும் கேளுங்கள். ஆய்வகமோ நூலகமோ ஒன்பது மணி வரை இழுக்கும் படிப்பு என்றால் எட்டரைக்குப் பூட்டும் கேட் ஒத்துவராது.

பி.ஜி. சாப்பாட்டில் ராஜ்மாவும் பராட்டாவும் மாறிமாறி வரும். ஒரு மாதத்தில் நாக்கு செத்துவிட்டது என்பார்கள். ஆர்.கே.புரத்துக்கு வாருங்கள். மலை மந்திர் என்று ஆட்டோக்காரர்களுக்கும் தெரிந்த சுவாமிநாதசுவாமி கோயில் அங்கேதான், 1946இல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கமும் அங்கேதான் செக்டர் 5இல். சங்கத்தில் நூலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் அறைக்கு ஆள் தேடுகிறவர், பழைய புத்தகம் கொடுக்கிறவர், இந்தி பேசி வீட்டுக்காரரிடம் வாதாட உடன் வருகிறவர் என்று யாராவது கிடைப்பார்கள். அந்தத் திருகோணமலைப் பெண்ணுக்கு இரண்டாவது அறை கிடைத்ததும் அங்கே அறிமுகமான ஒரு குடும்பத்தின் வழியாகத்தான். அந்த வீட்டம்மாவுக்கு ஃபார்ம் சி தெரியாது. ஆனால் உட்கார்ந்து கற்றுக்கொண்டார், அரை மணி நேரம்தான் ஆயிற்று.

ஒன்று மட்டும் ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம்: கம்பளி. யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் விற்கும் ஸ்வெட்டர் இங்கே ஜனவரிக்குப் போதாது, விலையும் அதிகம். அக்டோபர் கடைசியில் பேட்டைக் கடைகளில் ரஜாய் என்ற பஞ்சு மெத்தைப் போர்வை வந்து இறங்கும், அப்போதே வாங்கிவிடுங்கள். நவம்பரில் புகைமூட்டம் வரும் முன் என்95 முகக்கவசம் ஒரு டஜன் எடுத்து வையுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரோடு மருத்துவர் சீட்டையும் ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள்.